இரண்டு குழல், ஒரு கட்டைவிரல்

தோல்பெட்டியின் பித்தளைக் கொக்கிகள் விடுபட்ட சத்தம் கேட்டதும் மெஹ்லுலி சிபாண்டா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேஜைமேல் வைத்தான். வைத்த இடத்தில் மேஜை இல்லை. கோப்பை மணலில் உருண்டது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

சிவப்பு வெல்வெட்டில் படுத்திருந்தது அது. ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல்கள். ஒவ்வொன்றின் வாயிலும் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வரும். தேன் நிறத்தில் வால்நட் கட்டை, அதற்குள் புகை ஓடுவதுபோல் கறுப்பு ரேகைகள். இரண்டு விசைகள். முன்னதை இழுத்தால் வலது குழல், பின்னதை இழுத்தால் இடது. நடுவே எதையும் இழுத்து ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எருமை பாய்ந்து வருகிற அந்தக் கணத்தில் இரண்டு குண்டுகளும் ஏற்கெனவே தயார்.

"ஐந்நூறு நைட்ரோ. யானையையும் சாய்க்கிற தோட்டா," என்றார் அன்னெலீஸ் கோஃப்லர். ஆஸ்திரிய மலைநாட்டிலிருந்து ஒற்றை எருமை சுட வந்திருக்கிற அறுபது வயது அம்மாள். "என் வீட்டுக்காரர் ஆசை ஆசையா வாங்கினது. ஆப்பிரிக்கா போகணும் போகணும்னு சொல்லியே காலம் போயிடுச்சு. போன குளிர்காலம் அவரும் போயிட்டார். நான் ஒரு எருமையை இதால சுடப்போறேன். அப்புறம் இது திரும்ப ஊருக்கு வராது. இங்கேயே ஒருத்தர்கிட்ட விட்டுட்டுப் போறேன்."

ஆப்பிரிக்காவின் இந்த மடேட்சி வேட்டைக்காட்டில் இது புதிதல்ல. வேட்டை முடிந்து கிளம்புகிற விருந்தாளிகள் கத்தியை, பைனாகுலரை, பூட்ஸைத் தங்களுக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் துப்பாக்கியா? அதுவும் இப்படி ஒரு துப்பாக்கியா?

முகாமின் சொந்தக்காரன் ரோரி தொண்டையைச் செருமினான். "நல்ல முடிவு, மேடம். வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டி செஞ்சு உள்ளே விளக்கு போட்டுடறேன். கீழே உங்க வீட்டுக்காரர் பேரு, பித்தளையில."

அன்னெலீஸின் கண் லேசாகக் கலங்கியது. "பேரு போடுவீங்களா?"

"பெரிய எழுத்துல."

மெஹ்லுலி லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரன். ஆனாலும் சொந்தமாக ஒரு துப்பாக்கி கிடையாது. காட்டுக்குள் எடுத்துப்போவது முகாமின் பழைய 458 ரகத் துப்பாக்கி. கட்டை விரிசல் விட்டு, செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கும். பொழுது சாய்ந்ததும் ரோரியின் இரும்பு அலமாரியில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து முகாம்களில் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நெருப்பைச் சுற்றி உட்காரும் தோரணையே வேறு. துப்பாக்கியை மடியில் குறுக்கே போட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே பேசுவார்கள். அவன் அங்கே வெறுங்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விறகைக் குத்திக்கொண்டிருப்பான்.

"தூக்கிப் பாரு," என்றார் அன்னெலீஸ் அவனிடம்.

தூக்கினான். கனம் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவு சமன். கண்ணை மூடித் தோளில் பொருத்தினான். கண்ணைத் திறந்தால், பின் குறியின் பள்ளத்தில் முன் குறியின் வெள்ளைமணி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

"மச்சான், மூச்சு விடு," என்றான் பின்னாலிருந்து ஜென்ஸோ. தடம் பார்ப்பவன், மெஹ்லுலியின் மனைவிக்குத் தம்பி. "கல்யாணத்தன்னிக்குக்கூட என் அக்காவை நீ இப்படிப் பார்க்கல."

"உங்கக்காவுக்கு ரெண்டு குழல் இல்லியே."

"ஒரு வாய்தான். ஆனா உதை இதைவிட பலமா இருக்கும். நான் போய்ச் சொல்லட்டுமா?"

அன்னெலீஸ் சிரித்துவிட்டார். "யாருக்குன்னு எருமை விழுந்தப்புறம் சொல்றேன்," என்று பெட்டியை மூடினார்.

*

மறுநாள் காலை தண்ணீர்க்குட்டையில் மூன்று கிழட்டு எருமைகளின் தடம் கிடைத்தது. சாணத்துக்குள் விரலை விட்ட ஜென்ஸோ, "இன்னும் சூடு. டீ குடிக்கப் போயிருக்கானுங்க," என்றான். மொபானே மரங்களுக்கு நடுவே காற்றுக்கு எதிராக நடந்தார்கள். கூடவே, சட்டப்படி வரவேண்டிய வனத்துறைக் காவலர் ஒருவர். அக்டோபர் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. மெஹ்லுலியின் கண் தடத்தில் பாதி, அன்னெலீஸின் தோளில் தொங்கிய இரட்டைக்குழலில் பாதி.

எருமைகள் நின்றன. சேறு காய்ந்த முதுகு, நெற்றியில் தலைப்பாகை கட்டியதுபோல் கொம்பு. மெஹ்லுலி முக்காலிக் குச்சிகளை ஊன்றி அன்னெலீஸுக்குத் தாங்கல் கொடுத்தான்.

"வலது பக்கத்து ஆளு. தோளுக்குக் கீழே. அவசரமே வேண்டாம், மேடம்."

வெடித்தபோது காடே ஒரு அடி தள்ளிப்போன மாதிரி இருந்தது. அன்னெலீஸ் இரண்டு எட்டு பின்னால் வந்து நின்றார். எருமை முதுகை வளைத்தது, திரும்பியது, ஓடியது. மெஹ்லுலி 458-ஐத் தூக்கினான். மற்ற இரண்டும் குறுக்கே புகுந்துவிட்டன. சுட வழியில்லை. மூன்றும் முள்புதருக்குள் மறைந்தன.

ஜென்ஸோ ரத்தத்தைத் தொட்டு முகர்ந்தான். "பின்னாடி தள்ளிப் பட்டிருக்கு, மச்சான்."

இதற்கப்புறம் நடப்பதற்கு எழுதப்படாத சட்டம் உண்டு. காயம்பட்ட எருமையைக் காட்டில் விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். விருந்தாளி வெளியே நிற்க வேண்டும். வேட்டைக்காரன் உள்ளே போக வேண்டும். எருமையும் இது தெரிந்ததுபோல் உள்ளே காத்திருக்கும்.

அது சோரட்டும் என்று ஒரு மரநிழலில் உட்கார்ந்தார்கள். அன்னெலீஸின் முகம் வெளுத்திருந்தது. "என் தப்பு," என்றார். பிறகு இரட்டைக்குழலை நீட்டினார். "இதை எடுத்துட்டுப் போ. அங்கே உள்ளே உனக்கு இதுதான் சரி."

மெஹ்லுலி பதில் சொல்வதற்கு முன் கை நீண்டுவிட்டது.

ஜென்ஸோ காதோரம் வந்தான். "பழசையே எடு. புதுப்பொண்டாட்டிய முதல் நாளே சண்டைக்குக் கூட்டிட்டுப் போகாதே."

"நீ பழசைப் பிடி. எனக்குப் பின்னாடி வா."

"நீ செத்தேன்னு வை, அக்கா என்னைத்தான் வெட்டுவா."

"அப்ப உனக்கும் அக்கறை இருக்கில்ல. கவனமா வா."

குழலை மடக்கித் திறந்து இரண்டு அறைகளையும் பார்த்தான். நடுவிரல் நீளத்துக்கு, கட்டைவிரல் பருமனுக்குத் தோட்டாக்கள். 'க்ளக்' என்று மூடிய சத்தம் வங்கி லாக்கர் சாத்துகிற சத்தம். இன்னும் இரண்டு தோட்டாக்களை இடது கை விரலிடுக்கில் செருகிக்கொண்டான். புதரின் விளிம்பில், விசைகளைப் பூட்டிவைக்கிற சேஃப்டியைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினான். பயமாகத்தான் இருந்தது. பயத்துக்குமேல், வெட்கமில்லாமல், ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான சாமானோடு வேலைக்குப் போகிறான்.

உள்ளே வெளிச்சம் கிழிந்து கிழிந்து கிடந்தது. இலையில் ஒரு சொட்டு. அப்புறம் கல்லில் ஒன்று. ஜென்ஸோவின் விரல் தரையைக் காட்டியது. திடீரென்று பக்கவாட்டில் திரும்பியது. தடம் வளைகிறது. எருமை சுற்றிக்கொண்டு வந்து, தன் தடத்தைப் பார்த்தபடியே எங்கேயோ நிற்கிறது.

இடப்பக்கம் ஒரு காது ஆடியது.

புதர் வெடித்தது. தலை நிமிர்ந்து, மூக்கு முன்னே நீண்டு, ஒரு லாரி நீளத் தொலைவில் வந்துகொண்டிருந்தது எருமை. வலது குழல். கொம்பின் அடிக்கட்டையில் பொறி பறந்தது. இடது குழல். மார்பில் தைத்துத் தூசி கிளம்ப, முன்னங்கால் இரண்டும் மடிந்து முகம் மண்ணில் குத்தியது.

குத்தியது, எழுந்தது.

மெஹ்லுலியின் விரல்கள் தானே ஓடின. நெம்புகோலைத் தள்ளினான், குழல் திறந்தது, காலித் தோட்டாக்கள் தோளுக்குமேல் பறந்தன, புதியவை இரண்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின, மூடினான். இத்தனை வேகமாக இந்தக் காட்டில் எவனும் ஏற்றியதில்லை. குறியின் வெள்ளைமணி எருமையின் மூக்குக்குமேல் உட்கார்ந்தது. இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பின் விசை. அதுவும் கல். எருமையின் மூச்சிலிருந்த ரத்த நெடி முகத்தில் அடித்தது. இரண்டு விசைகளையும் மாறி மாறிப் பிசைந்தான்.

காதுக்குப் பக்கத்தில் 458 முழங்கியது. எருமையின் கழுத்து துவண்டது. வந்த வேகத்திலேயே சறுக்கி, அவன் பூட்ஸின்மேல் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு நின்றது. நீளமாக ஒரு முக்கல். அதோடு முடிந்தது. ஜென்ஸோ குழல்நுனியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். இமைக்கவில்லை.

"மச்சான்," என்றான் ஜென்ஸோ. "ஏன் சும்மா நின்னே? அழகா இருக்குன்னு பார்த்துட்டு இருந்தியா?"

மெஹ்லுலி துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான். சேஃப்டி பின்னால் போயிருந்தது.

தானியங்கிச் சேஃப்டி. குழலைத் திறந்தால் போதும், அதுவாகவே பூட்டிக்கொள்ளும். இரட்டைக்குழலில் இப்படி உண்டென்று அவனுக்குத் தெரியும். லைசென்ஸ் பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறான். தலைக்குத் தெரிந்தது கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. 458-இல் ஒருதரம் தள்ளினால் தள்ளினதுதான். இத்தனை வருஷம் அதில் பழகிய கட்டைவிரல், ஒருதரம் தள்ளிவிட்டு வேலை முடிந்ததென்று படுத்துவிட்டது.

வெளியே அன்னெலீஸின் குரல் கேட்டது. காவலரும் அவரும் வருகிறார்கள்.

"நான் பார்த்துக்கறேன்," என்று கிசுகிசுத்தான் ஜென்ஸோ. "ரெண்டாவது குண்டுலயே ஆளு காலி, நான் சும்மா உறுதிக்கு ஒண்ணு போட்டேன்னு சொல்றேன். நீ வாயைத் திறக்காதே. துப்பாக்கி உனக்குத்தான்."

அன்னெலீஸ் வந்தார். எருமையைப் பார்த்தார், மெஹ்லுலியின் பூட்ஸிலிருந்த மண்ணைப் பார்த்தார். ஜென்ஸோ கதையைத் தொடங்கினான். அவர் கேட்டுக்கொண்டே கை நீட்டித் துப்பாக்கியை வாங்கி, பழக்கத்தில் குழலைத் திறந்தார். இரண்டு முழுத் தோட்டாக்கள் எட்டிப் பார்த்தன. ஜென்ஸோவின் கதை பாதியில் நின்றது.

"இழுத்தியா?" என்றார் மெஹ்லுலியிடம்.

"ரெண்டையும் இழுத்தேன், மேடம். சேஃப்டியைத் தள்ள மறந்துட்டேன்."

அதற்குள் வெடிச்சத்தம் கேட்டு ரோரியின் ஜீப் வந்துவிட்டது. நடந்ததைக் காவலர் சொல்லக் கேட்டதும் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், இதெல்லாம் வைக்கிற இடத்துல வைக்கிற சாமான். இவன் உயிரே போயிருக்கும். கண்ணாடிப் பெட்டிதான் இதுக்குப் பாதுகாப்பு."

"நீ சொல்லு," என்றார் அன்னெலீஸ் மெஹ்லுலியிடம். "இந்தத் துப்பாக்கி உன்னைக் கொல்லப் பார்த்துச்சு. இப்ப இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?"

பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லை, மன்னிப்புக் கேட்க வேண்டும். மெஹ்லுலி கேள்வி முடியும் முன்பே யோசித்து முடித்திருந்தான்.

"மேல இருக்கிற நெம்புகோலுக்கும் சேஃப்டிக்கும் நடுவுல குட்டியா ஒரு கம்பி இருக்கும், மேடம். அதுதான் அதைப் பின்னாடி தள்ளுது. கட்டையைக் கழட்டி அந்தக் கம்பியை எடுத்துட்டா, சேஃப்டி நாம வைக்கிற இடத்துல நிக்கும். இன்னிக்கே எடுத்துடணும்."

"டேய், அதுக்குள்ள கையை வைக்கிறதா?" ரோரி பதறினான். "பேக்டரியில செஞ்ச மாதிரியே இருக்கு. ஒரு திருகாணியைத் திருப்பினாக்கூட மதிப்புப் போயிடும். அப்படியே இருக்கிறதுதான் அழகு."

"அப்படியே இருந்தா அது துப்பாக்கி இல்ல, பாஸ்," என்றான் மெஹ்லுலி. "அதை வெச்சு மறுபடி ஒரு எருமை முன்னாடி நிக்கணும்ல?"

"மறுபடியுமா?" என்றார் அன்னெலீஸ்.

"நாளைக்கே நிப்பேன், மேடம்."

அன்னெலீஸ் ரோரியைப் பார்த்தார், பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். "என் வீட்டுக்காரர் இதைப் பாழாக்கணும்னுதான் வாங்கினார்," என்றார். "கீறல் விழணும், சேறு படணும்னு. பித்தளையில பேரு போடறேன்னதும் நான்தான் கொஞ்சம் மயங்கிட்டேன்." தோட்டாக்கள் இரண்டையும் எடுத்து மெஹ்லுலியின் சட்டைப்பையில் போட்டார். துப்பாக்கியை அவன் கையில் வைத்தார். "போலீஸ் காகிதமெல்லாம் போகும்போது முடிச்சுக் கொடுக்கறேன். முதல்ல அந்தக் கம்பியை எடு."

*

மாலைக்குள் மேஜைமேல் துணி விரித்து, மெஹ்லுலி கட்டையைக் கழற்றிவிட்டான். ரோரி அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு திருகாணி கிறீச்சிட்டபோது மட்டும் உள்ளேயிருந்து முனகல் கேட்டது. தீக்குச்சி நீளம்கூட இல்லாத கம்பி விரலில் வந்தது. மற்றவையெல்லாம் பழையபடி பொருந்தின.

ஆற்றங்கரை மேட்டில் செத்த மரத்துக்கு எதிரே நின்றான். சேஃப்டியை ஒருதரம் தள்ளினான். வலது, இடது. திறந்து, ஏற்றி, மூடி, மறுபடி வலது, இடது. நான்கு இடி, ஒரே மூச்சில். மரத்தின் பாதி இல்லை. அவன் தோள் ஊதாவாக வீங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்னெலீஸ் காதைப் பொத்தியபடி கைதட்ட முயன்றார். முடியாமல் இரண்டையும் விட்டுவிட்டுச் சிரித்தார்.

"கொடு மச்சான்," என்றான் ஜென்ஸோ. "உயிரைக் காப்பாத்தினவனுக்கு ஒரு சூடாவது கொடுப்பியா மாட்டியா?"

மெஹ்லுலி இரண்டு குழலையும் நிரப்பிக் கொடுத்தான். "கட்டையைத் தோள்ல இறுக்கிப் பிடி. முன்னால சாய்ஞ்சு நில்லு."

"எனக்குச் சொல்லித் தர்றியா? காலைல யாரு சும்மா நின்னது?"

இழுத்தான். இடி இறங்கியது. புகை விலகியபோது ஜென்ஸோ மணலில் உட்கார்ந்திருந்தான், கால்கள் நீட்டி, தொப்பி எங்கேயோ. துப்பாக்கியை மட்டும் குழந்தை மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான், மண் படாமல்.

"அடி பலமா?" என்று ஓடினான் மெஹ்லுலி.

ஜென்ஸோ கொஞ்சநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினான். காது திரும்பி வரக் காத்திருப்பவன் மாதிரி தலையைச் சாய்த்தான்.

"அந்த இன்னொரு குழல்ல ஒண்ணு மிச்சம் இருக்கில்ல?" என்றான். "தள்ளி நில்லு."