இரண்டு தங்கராஜுகள், ஒரே பக்கம்

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடிக்கப் போவதில்லை என்று நான் சொன்னதும் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி பேசினார்.

அம்மாவின் பயம் எனக்குத் தெரியாததல்ல. ஆறு வருடங்களுக்கு முன் என் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் லாபிஸ் ஊரில் இருக்கும் மாமாவின் பெயர் விட்டுப்போய்விட்டது. மாமா தங்கராஜு, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. தாய்மாமன் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வராவிட்டால் அம்மாவுக்கு அது கல்யாணமே இல்லை. இந்த முறை எப்படியாவது மாமா வந்தாக வேண்டும்.

"அதுக்குத்தான்மா சொல்றேன். இணையத்துல ஒவ்வொருத்தர் பேருக்கும் தனித்தனிப் பக்கம். யாரு பேரும் விட்டுப் போகாது," என்றேன்.

நான் ஜொகூர் பாருவில், இணையச் செயலிகள் கட்டுவதற்கான ஃபிரேம்வொர்க் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதோடு கூடுதலாகச் செருகிக்கொள்ள நானே எழுதிய பிளக்இன் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்து எடுத்து வைத்துக்கொள்ளும். அதே பக்கத்தை அடுத்தவர் கேட்டால் புதிதாகச் செய்யாமல் வைத்திருப்பதையே தூக்கிக் கொடுத்துவிடும். காலையில் வைத்த குழம்பை மதியத்துக்கும் ஊற்றுவது மாதிரிதான். அதற்குக் கேஷ் என்று பெயர். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். ஆபீஸில் டொரத்தியும் இரண்டு சீனப் பையன்களும் சோதித்துப் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்று சொன்னார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்ததை மறைக்க விரும்பவில்லை.

கல்யாணப் பக்கங்களுக்கும் அந்தப் பிளக்இன்னையே வைத்தேன். விருந்தாளிகளுக்கு மட்டுமல்ல, கல்யாணத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் பக்கம் போட்டேன். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து வரும் சமையல்காரர் பெயரும் தங்கராஜுதான். குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரையே பக்கத்தின் முகவரியாக வைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் அவரவர் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை காலை மாமா அம்மாவைக் கூப்பிட்டார். ஆறு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. அம்மா ஆசையாக எடுத்தார்.

"தனம்! நான் பின்வாசல் வழியா வரணுமா?"

"யாருண்ணே சொன்னா?"

"உன் மவதான் எழுதியிருக்கா! காலையில அஞ்சு மணிக்குப் பின்வாசல் வழியா வரவும். அண்டாவைக் கழுவிக் கொண்டுவரவும். வெத்தலை போட்டுக் கண்ட இடத்துல துப்பக் கூடாது. நான் எங்க துப்பினேன், தனம்? நீ பார்த்தியா?"

வெற்றிலை வரி அம்மா சொல்லி நான் சேர்த்தது. சமையல்காரருக்காக. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு லாபிஸுக்கு ஓடினோம். மாமா முகம் கொடுக்கவில்லை. நான் அவர் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, கேஷை மொத்தமாகக் காலி செய்தேன். "இப்ப திறந்து பாருங்க மாமா." திறந்தார். 'தாய்மாமன் தங்கராஜு அவர்களுக்கு: முன்வாசலில் மேளதாளத்துடன் காத்திருப்போம். மணமகளைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வருவது உங்கள் உரிமை.'

மாமா அதை மூன்று முறை சத்தமாக வாசித்தார். அத்தையைக் கூப்பிட்டு நான்காம் முறை வாசித்தார். "சரி லா, கம்ப்யூட்டர்தானே, அதுக்கு என்ன தெரியும்," என்றார். அம்மா அழுதார். பக்கம் ஏன் மாறியது என்று நான் தேடவில்லை. காலி செய்தால் போய்விடுகிற பிழையை யார் நோண்டுவார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கூலாய்க்கு வந்து எங்கள் வீட்டு சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பந்தல் நிறத்திலிருந்து மாப்பிள்ளை வசந்தனின் மீசை வரை தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு கார் நின்றது. சமையல்காரர் இறங்கினார். பட்டு வேட்டி, புதுச் சட்டை. பின்னால் அவர் மனைவி காளியம்மா, பழமும் பூவும் புடவையும் வைத்த சீர்த்தட்டோடு.

"தனலெட்சுமிம்மா, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல," என்றார் அவர். "முதல்ல அண்டா கழுவச் சொல்லி வந்துச்சு. புதன்கிழமை திறந்தா மாறியிருக்கு. மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சேன். நீங்க எப்பவும் என்னை அண்ணேன்னுதானே கூப்பிடுவீங்க. அப்போ பாப்பாவுக்கு நான் மாமன் முறைதானே! முப்பது வருஷமா கல்யாணத்துக்குச் சமைக்கிறேன். முன்வாசல் வழியா வாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அன்னிக்குச் சமையலைத் தம்பிகிட்ட விட்டுட்டேன். நான்தானே பாப்பா கையைப் பிடிச்சுட்டு வரணும்?"

சோபாவில் மாமாவின் கால் மெல்லத் தரையிறங்கியது. "அலமாக்," என்றார், மலாயில் ஐயோ என்பதற்கு.

நான் உள்ளே ஓடி மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தங்கராஜு ஏ/எல் காளிமுத்து, என் மாமா. தங்கராஜு ஏ/எல் பெருமாள், சமையல்காரர். இன்னாரின் மகன் என்பதற்கு நம் மலேசிய அடையாள அட்டையில் போடுகிற அந்த ஏ/எல் நடுவிலிருக்கும் சாய்கோடு! கோடு வந்ததும் பெயர் முடிந்தது என்று என் பிளக்இன் வெட்டிவிட்டது. அப்பா பெயர்கள் காணாமல் போய், இரண்டு பேரும் 'தங்கராஜு ஏ' ஆகிவிட்டார்கள். யார் முதலில் திறக்கிறாரோ அவர் பக்கம்தான் இருவருக்கும். டொரத்தி பெயரில் கோடு இல்லை, சீனப் பையன்கள் பெயரிலும் இல்லை. என் பெயரில் இன்னாரின் மகள் என்பதற்கு ஏ/பி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிறது. ரூபினி என்று தொடங்கும் என் முழுப்பெயரை ஒருமுறை தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அந்தப் பக்கம் அவருக்கு எழுதியதல்ல என்று சொன்னேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

சமையல்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அதானே," என்றார். "நானும் ஒரு மடையன். பரவால்ல பாப்பா. அஞ்சு மணிக்கு அண்டாவோட வந்துடறேன்." காளியம்மா தட்டைக் கீழே வைப்பதா, திரும்ப எடுத்துப் போவதா என்று தெரியாமல் நின்றார்.

"உட்காருங்க," என்றார் மாமா.

அவர் உட்காரவில்லை.

"உட்காருங்க லா! நீங்களும் தங்கராஜு, நானும் தங்கராஜு," என்ற மாமா அம்மா பக்கம் திரும்பினார். "எனக்கு அந்தப் பின்வாசல் பக்கம் ஒரு நாள் வந்துச்சு, தனம். ஒரே ஒரு நாள். சோறு இறங்கல எனக்கு. இவருக்கு முப்பது வருஷமா அதுதான் வந்திருக்கு."

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வலது கை எனக்கு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இடது கையை அவரு பிடிக்கட்டும்," என்றார்.

பிளக்இன்னை அன்று மாலையே திருத்தினேன். இப்போது தங்கராஜு ஏ/எல் காளிமுத்துவுக்கு ஒரு பக்கம், தங்கராஜு ஏ/எல் பெருமாளுக்கு வேறு பக்கம். யார் முதலில் திறந்தாலும் ஒன்றோடு ஒன்று கலக்காது. அதன்பிறகு பெருமாள் மகனுடைய பக்கத்தைத் திறந்து, அதில் இருந்ததை அழித்துவிட்டு, காளிமுத்து மகனுக்கு எழுதியதையே ஓர் எழுத்து மாறாமல் என் கையால் தட்டினேன்.