சங்கத்தார் குடித்த தண்ணீர்

தாராபுரத்தில் அப்போதெல்லாம் சங்கம் வைக்காத ஆள் ஆளே இல்லை. பஜனைக்கு ஒரு சங்கம், பசுவைக் காப்பாற்ற ஒரு சங்கம், கள்ளை ஒழிக்க ஒரு சங்கம். ஆரம்ப விழாவுக்குப் பந்தல் போடுவார்கள், நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. வக்கீல் ஐயாசாமி முப்பத்து மூன்றாம் வருஷம் ஆரம்பித்த சேவா சங்கத்தை மட்டும் அந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டுமல்லவா? சத்திரத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த பிணங்களை அந்தப் பையன்கள் தோளில் சுமந்துபோய் எரித்திருக்கிறார்கள். அமராவதியில் வெள்ளம் வந்தபோது கரையோரத்துக் குடிசைக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் செய்ததாயிற்றே என்றுதான் பின்னால் நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

சங்கத்துக்குக் காரியதரிசி பாலுசாமி. டவுனை ஒட்டிய கிராமத்தில் காடு தோட்டம் உள்ள கவுண்டர் வீட்டுப் பிள்ளை. கோயமுத்தூரில் இண்டர்மீடியட் வரைக்கும் படித்துவிட்டு, கதர்ச் சட்டையும் மனசு நிறைய ஆவேசமுமாக ஊர் திரும்பியிருந்தான். ஏற்றம் இறைக்கச் சொன்னால் முகம் சுளிப்பான். சங்க வேலை என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

அவன் கிராமத்துக்குத் தெற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் மாதாரிகளின் குடியிருப்பான வளவு இருந்தது. கவுண்டர்கள் காட்டில் பாடுபடுவதும், கிணற்றில் நீர் இறைக்கும் சாலுக்குத் தோல் தைப்பதும் அவர்கள் வேலை. ஊருக்குள் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, ஊர்க் கிணற்றுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. கவுண்டர்களை எஜமான் என்ற அர்த்தத்தில் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிட வேண்டும். தீண்டாமையை ஒழிப்பதென்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். எப்படி ஒழிப்பது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வளவுக்குப் போவது, போனதும் எல்லோரும் பார்க்க அவர்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, அப்புறம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. வக்கீல் ஐயாசாமிதான் இதற்கு மூலகர்த்தா. ஆனால் முதல் நாளன்று அவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டது. ஆகவே குடித்தவன் பாலுசாமி.

அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும். வளவில் சின்னான் கொஞ்சம் பெரிய தலை. வேண்டாமுங்க, இந்தப் பாவத்தை எங்க தலையில கட்டாதீங்க என்று அவன் கும்பிட்டான். அவன் பெண்டாட்டி மாசாணியம்மாள் மண் கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி தண்ணீர் அவள் சேலையிலேயே கொட்டிவிட்டது. மிச்சத்தைப் பாலுசாமி வாய் வைத்து மடமடவென்று குடித்தான். மாசாணியம்மாள் குடிசைக்குள் ஓடிப்போய் அழுதாள். அன்று வீடு திரும்பியவனை அவன் தாயார் சாமியாத்தாள் வாசற்படி மிதிக்க விடவில்லை. கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த பிறகுதான் சோறு போட்டாள். பெற்ற மகன் கெட்டுக் குட்டிச்சுவராய்ப் போனானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பாலுசாமிக்கோ அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் அது வாராவாரம் நடந்தது. மாசாணியம்மாள் இதற்கென்றே சந்தையில் பித்தளை டம்ளர் ஒன்று வாங்கி, புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருப்பாள். வேறு யாரும் அதைத் தொட விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும். எத்தனை தரம் சொன்னாலும் பண்ணாடி என்று கூப்பிடுவதை மட்டும் புருஷனாலும் விடமுடியவில்லை, பெண்டாட்டியாலும் விடமுடியவில்லை.

ஆமாம், அந்தத் தண்ணீர் எங்கே எடுத்தது? ஓடை மணலில் தோண்டிய ஊற்றுக்குழியில். எருமையும் அதில்தான் வாய் வைக்கும், நாயும் அதில்தான் வாய் வைக்கும். இந்தப் பக்கம் கருங்கல் கட்டிய ஊர்க் கிணறு பளிங்கு மாதிரித் தண்ணீரோடு கிடந்தது. அவர்கள் தண்ணீரை நாம் குடிப்போம் என்று கிளம்பிய சங்கத்தில், நம் தண்ணீரை அவர்களும் குடித்துவிட்டுப் போகட்டுமே என்ற பேச்சு ஒருவன் வாயிலும் வரவில்லை. அதைப் பேசினால் ஊரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். டம்ளரை வாங்கிக் குடிப்பது சுலபம். படித்த முட்டாள்கள், வேறென்ன சொல்ல?

மறு வருஷம் ஆடிப் பதினெட்டுக்குச் சங்கத்தார் கொடுமுடிக்குத் தொண்டு செய்யப் போனார்கள். காவிரியில் கூட்டமான கூட்டம். ஆற்றோரத்தில் வாந்திபேதி தலைகாட்டியிருந்ததால் தொண்டர்களுக்கெல்லாம் முதல் காரியமாகக் காலரா ஊசி போட்டார்கள். தாராபுரத்து டாக்டர் ஞானாபரணம் சங்கத்து உறுப்பினர். நல்ல கிறிஸ்தவர், அதிகம் பேசாத மனுஷர். அவரே பாலுசாமிக்குத் தன் கையால் போட்டுவிட்டார். தோள் வீங்கி, இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. கிராமங்களுக்கும் ஊசி மருந்து அனுப்புங்கள் என்று டாக்டர் மேலே எழுதிக் கேட்டார். வரும் வரும் என்றார்கள். மருந்து வருவதற்குள், நீராடித் திரும்பிய ஜனங்களோடு நோய் வந்துவிட்டது.

அமராவதிக் கரையில் ஒவ்வொரு ஊராகச் சாவு விழுந்தது. ஓடையின் மேல்புறத்தில் ஒரே வீட்டில் இரண்டு பேர் போய், அவர்கள் துணிமணியை ஓடையில்தான் அலசினார்கள் என்று சேதி வந்ததும் டாக்டர் பாலுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊற்றுக்குழியில் போட மருந்து தாலுகா ஆபீசிலிருந்து வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரைக்கும் வளவுக்காரர்கள் தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சாமல் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது, அவர்கள் உயிர் அதில்தான் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னார். விறகு இல்லை என்பார்கள், நீயே வண்டியில் அனுப்பிவிடு என்றார். வாசல்வரைக்கும் வந்துவிட்டு அப்புறம் ஒன்று சொன்னார்.

"தம்பி, போனதும் தண்ணி குடிக்கிற பழக்கம் இந்த வாட்டி வேண்டாம். நமக்கு ஊசி போட்டிருக்கு. அவங்களுக்குப் போடலை."

பாலுசாமி தலையை ஆட்டிவிட்டுத்தான் போனான். மனசுக்குள் பாடம்கூடப் பண்ணிக்கொண்டு போனான்.

வளவில் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். சுற்று வட்டாரச் சாவுச் சேதி அவர்களுக்கும் எட்டியிருந்தது. ஊர்க் கவுண்டர்கள் ஒரு வாரமாக அந்தப் பக்கமே வரவில்லை. காட்டு வேலைக்கும் வரவேண்டாம், நோயைக் கொண்டுவராதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியிருக்கப் பாலுசாமி வந்ததைக் கண்டு சின்னான் எழுந்து ஓடிவந்தான். எல்லோரும் கைவிட்டாலும் எங்க பண்ணாடி கைவிடலே என்று ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். இவன் வாயைத் திறப்பதற்குள் மாசாணியம்மாள் டம்ளரோடு வந்து நின்றாள்.

பாலுசாமி கை நீட்டவில்லை. இன்னைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் டம்ளர் பிடித்த கை மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது. பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவுதான், இத்தனை நாள் ஆடின கூத்து முடிந்தது என்று எல்லார் கண்ணும் சொன்னதாக அவனுக்குப் பட்டது. ஊரே ஒதுக்கிய நாளில் நானும் ஒதுக்கினேன் என்று ஆகிவிடுமே என்று நினைத்தான். ஊசிதான் போட்டிருக்கிறதே, நமக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று இன்னொரு நினைப்பும் கூடவே ஓடியது. எட்டி டம்ளரை வாங்கினான். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.

மாசாணியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்னான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் பாலுசாமி சொல்ல வந்ததைச் சொன்னான். தண்ணீரில் கிருமி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சாமல் குடித்தால் சாவுதான் என்றெல்லாம் நீட்டி முழக்கினான். அவர்களும் மரியாதையாகக் கேட்டார்கள். ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க என்றார்கள். ஈரவாயோடு நின்றுகொண்டு பேசுகிறோம் என்பது பேசும்போதே அவனுக்கு உறைத்தது. பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஓடையைத் தாண்டி ஊர் எல்லைக்கு வந்த பிறகு அவனுக்கு அது தோன்றியது. 'இதைக் காய்ச்சிக் கொண்டா அம்மணி, குடிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் மனசும் நோகாது. அவர்கள் கண்முன்னாலேயே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக் காட்டினதாகவும் ஆகியிருக்கும். இத்தனை சின்ன விஷயம்! இண்டர்மீடியட் படித்த மண்டைக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். கூப்பிடு தூரம்தான். ஆனால் சாயங்காலம் சங்கத்தில் கூட்டம், நோய்த் தடுப்பு வேலையைப் பங்கு போட வேண்டும். தவிர, குடித்துவிட்டு வந்தவன் திரும்பிப்போய், நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள் என்றால் அசட்டுத்தனமாக இருக்கும். விறகு வண்டியோடு நாளைக்குச் சொல்லி அனுப்பிக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினான்.

விறகு வண்டி போயிற்று. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த ஆள் அவர்களிடம் என்ன சொன்னானோ, சொன்னானோ இல்லையோ. பாலுசாமி அமராவதிக்கு வடக்கே ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான். அங்கெல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தான். கிணறுகளில் மருந்து போட்டான், நோயாளிகளை அள்ளித் தூக்கினான். அவனைக் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை ஊற்றுக்குழிக்கு மருந்து வந்தது. டாக்டரும் அவனும் வண்டி கட்டிக்கொண்டு வளவுக்குப் போனார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தும் அழுகுரல் கேட்கவில்லை. அதுதான் பாலுசாமியைக் கலக்கியது. சாவு வீட்டில் ஒப்பாரி இருக்கும். ஒப்பாரி வைக்கவும் ஆள் இல்லாவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? வேப்பமரத்தடியில் கிழவி ஒருத்தி மரத்தோடு சாய்ந்து கிடந்தாள், அன்றைக்குக் கும்பிட்டவள்தான். டாக்டர் குனிந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கையை விட்டுவிட்டார். அனுப்பிய விறகு, கொட்டின இடத்திலேயே முக்கால்வாசி அப்படியே கிடந்தது. டாக்டர் விறகைப் பார்த்தார், பாலுசாமியைப் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு உயிரோடிருப்பவர்களைத் தேடிக் குடிசைக்குள் நுழைந்தார்.

சின்னான் வளவுக்குப் பின்னால் குழி வெட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே மூடிய குழிகள் பக்கத்தில் பச்சை மண்ணாகக் கிடந்தன. பாலுசாமியைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அந்த நிலையிலும் அந்த மரியாதை அவனை விடவில்லை. ஏறிட்டுப் பாலுசாமியைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தான். பார்த்துவிட்டு, குழியின் கரைமேட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"பண்ணாடிக்கு ஒன்னும் ஆகலீங்களா?"

இல்லை என்று பாலுசாமி தலையசைத்தான். அவன் கண் மாசாணியம்மாளைத் தேடியது. சின்னானே கையை நீட்டி ஒரு மண்மேட்டைக் காட்டினான். நேற்று விடியக்காலம் என்றான். காய்ச்சித்தான் குடிக்கலாமுன்னு சிலபேரு சொன்னாங்க, பண்ணாடியே அப்படியே குடிச்சுப்போட்டுப் போறாரு, நமக்கென்னவாமுன்னு நாந்தானுங்க சொன்னேன் என்றான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அப்புறம் சின்னான் குரல் உடைந்தது.

"அவ கடைசி வரைக்கும் உங்களைத்தானுங்க கேட்டா. எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சாரே, அவருக்கும் இப்படி ஆயிருக்குமா, யாராச்சும் போயிப் பாத்துட்டு வாங்கன்னு அழுதாளுங்க. ஊருக்குள்ள எப்படிங்க நாங்க வாறது? பாக்காமயே போயிட்டா."

பாலுசாமி பக்கத்தில் உட்கார்ந்தான். அழக்கூட அவனுக்கு யோக்கியதை இல்லை, அது அவனுக்கே தெரிந்தது. சின்னான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரே குழித் தண்ணிதானுங்களே, உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஒன்னும் பண்ணலே என்று கேட்டான். சூதுவாது இல்லாமல், சாமி காப்பாற்றிய கதையைக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

சாமிதான் காப்பாற்றியது என்று சொல்லியிருந்தால் சின்னான் நம்பியிருப்பான். அந்தப் பொய் பாலுசாமியின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னான்.

"கொடுமுடியிலயே எங்களுக்கு ஊசி போட்டுட்டாங்க சின்னான். அது போட்டா இந்த நோய் அண்டாது. தெரிஞ்சுதான் குடிச்சேன்."

சின்னான் குழியைப் பார்த்தான். பெண்டாட்டி கிடந்த மண்மேட்டைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தான்.

"அப்படிங்களா," என்றான். "நல்லதாப் போச்சுங்க பண்ணாடி."

மண்வெட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் வெட்ட ஆரம்பித்தான்.