ஈரத்துணி வெப்பமானி

அந்தத் தெற்கு மாவட்டத்தின் வானிலையைச் சொல்ல ஒரே வரி போதும்: நேற்றைப் போலவே. அந்த வரியைத் தினமும் எட்டு முறை பதிவேட்டில் எழுதுவதற்குத்தான் வானிலை நிலையத்தில் ஆள் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் 'தூறல்'. யார் கேட்டாலும், "லேசாத் தூறல் போடலாம்" என்று இருபது வருடமாகச் சொல்லிச் சம்பாதித்த பெயர். தூறல் போட்டதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

முற்றத்தில் நாலு கால் வெள்ளைப் பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறும் உடம்போடு நிற்கும். மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றி, அதன் நுனி கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். ஈரத்துணி போட்டது எப்போதும் எட்டொன்பது டிகிரி குறைவாகத்தான் காட்டும்.

அன்று பகல் பன்னிரண்டுக்கு வெறும் உடம்பு முப்பத்தைந்து. ஈரத்துணி முப்பத்தொன்பது புள்ளி நாலு.

தலைமை அலுவலகத்துக்குப் ஃபோனில் சொன்னார்.

"யோவ் தூறல், அக்குள்ல வச்சு எடுத்தியா?"

"பெட்டிக்குள்ளதான் சார் இருக்கு."

"அப்ப பெட்டிக்குக் காய்ச்சல். மாத்திரை குடு."

அதைவிட நல்ல நகைச்சுவையெல்லாம் தூறலிடம் உண்டு. ஆனால் வீட்டில் ஐந்து வயது மகள் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். இரண்டே காலுக்கு மனைவியின் அழைப்பு.

"ஏங்க, பாப்பாவுக்கு முப்பத்தொன்பது புள்ளி நாலு. நெத்தியில ஈரத்துணி மாத்தி மாத்திப் போடுறேன்."

தூறல் பெட்டியைப் பார்த்தார். கிண்ணம் காய்ந்து கிடந்தது. குமிழைச் சுற்றிய துணியோ, இப்போதுதான் யாரோ நனைத்துப் போட்டதுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதரசம் இறங்க ஆரம்பித்தது. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. "அப்பாடா" என்றார். வாயை மூடுவதற்குள் முப்பத்தாறு. பிறகு முப்பத்தைந்து. முப்பத்துநாலு.

அப்போதுதான் உறைத்தது. இது இருபத்தாறில் போய் நிற்கும். இந்த ஊர் மதியத்தில் அதுதான் அதன் இயல்பு. இருபத்தாறு டிகிரியில் ஒரு குழந்தை...

வீட்டுக்கு அடித்தார். மணி ஒலித்தது, எடுப்பாரில்லை. முப்பத்துமூன்று.

'கருவியைத் தொடாதே' என்று சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான். கையை உள்ளே விட்டு, துணியோடு குமிழைப் பொத்திக்கொண்டார். பாதரசம் யோசித்தது. பிறகு மெல்ல ஏறியது: முப்பத்துநாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு.

அரைமணி நேரம் கழித்து மனைவி அழைத்தாள்.

"ஃபோன் உள்ரூம்ல கிடந்துச்சுங்க. நடுவுல பாப்பா ஐஸ் மாதிரி ஆயிட்டா, எனக்கு உசுரே இல்ல. இப்ப எழுந்து உக்காந்து சோறு கேக்குறா."

"கேக்கட்டும், குடு, குடு."

"ஆனா யாரோ தலையை இறுக்கிப் பிடிச்சிருக்காங்களாம். விடச் சொல்லும்மாங்கிறா."

தூறல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். விடவில்லை.

மூன்று மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரர் வந்தார்.

"என்னண்ணே இது? கையை எடுங்க, ரீடிங் எடுக்கணும்."

"எடுக்கிறேன் தம்பி. முதல்ல நீ உள்ளங்கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு வந்து பிடி."

"எதுக்குண்ணே?"

"மெதுவாப் பிடி. புள்ள சாப்பிட்டுட்டிருக்கா."