திறக்காத மெயில் பெட்டி

பதினான்கு வருடமாக விவேக் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறேன். கிளிஃபர்ட் சார் என்றால் ஒரு கோட்டு, ஒரு பெரிய குரல். அறிவு எவ்வளவு என்று மட்டும் என் அக்கா குளோரியாவிடம் கேட்டுவிடாதீர்கள். ஸ்கோர் எழுதுகிறவள் அவள்தான்.

இந்த வருட அழைப்பிதழில் நானே ஒரு வரி சேர்த்தேன்: ‘நடத்துகிறவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது. குறைகளை எழுதுங்கள்.’ கீழே புதிதாக ஒரு மெயில் முகவரி. பழைய கேள்வித்தாள்களையும் இணையத்தில் போட்டேன். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். அதே தைரியத்தில் முதல் சுற்றுக்கு நான்கு, இறுதிச் சுற்றுக்கு ஆறு என்று 2019ஆம் வருடத் தாளிலிருந்து அப்படியே உருவிக்கொண்டேன். புதுக் கேள்வி தேடச் சோம்பல். அந்த வாரம் கிரிக்கெட் வேறு.

இறுதிச் சுற்றில் இரண்டே பேர். ஜோகுபாளையத்து ரக்ஷா, பிரேசர் டவுன் எரிக். ஜெயிப்பவர் மைசூருக்கு, மாநிலச் சுற்றுக்குப் போகலாம். ரக்ஷாவுக்குப் பத்தாம் வகுப்பு. பள்ளிப் போட்டியில் இதுதான் கடைசி வருடம்.

முதல் ஆறு கேள்விக்கு அவள் பஸ்ஸரைத் தொடவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் விடுவேனா?

“என்னம்மா ரக்ஷா, பஸ்ஸர்ல ஷாக் அடிக்குதா? இல்ல, காலையில டிஃபன் சாப்பிடலயா?”

அரங்கமே சிரித்தது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. மீதி நான்கில் இரண்டை அவள் சொன்னாள். எரிக் எட்டு, ரக்ஷா இரண்டு.

பரிசளிப்புக்கு முன் டீ இடைவேளை. ரக்ஷா என்னிடம் வந்தாள்.

“சார், முந்தாநாள் அனுப்பின என் மெயில் பாத்தீங்களா?”

“பாத்தேம்மா! ரொம்ப நல்லா எழுதியிருந்தே. கீப் இட் அப்.”

அவள் முகம் சுண்டிப்போனது. “பாத்துட்டுமா சார் அதே கேள்விங்கள கேட்டீங்க?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். டீயை அப்படியே வைத்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

அக்காதான் ஃபோனில் பெட்டியைத் திறந்தாள். பாஸ்வேர்டை நான் மறந்தே போயிருந்தேன். இருபத்து மூன்று மெயில், ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை. ரக்ஷாவுடையதைப் படித்தேன்: ‘சார், முதல் சுற்றில் நான்கு கேள்வி 2019 தாளில் உள்ளவை. அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு விடை எழுதிவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. ஃபைனலிலும் வந்தால் பஸ்ஸரை அழுத்த மாட்டேன். தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.’

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

“டெக்னிக்கல் ப்ராப்ளம்னு சொல்லிச் சமாளிச்சிரலாம்க்கா.”

“டெக்னிக்கலா? அப்படிச் சொன்னே, மைக்கப் புடுங்கி நானே சொல்லிருவேன்டா. அந்தப் புள்ளய மேடையில கேலி பண்ணே இல்ல? மேடையிலயே போய்ச் சொல்லு.”

சொன்னேன். கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டக் கொட்ட, பழைய கேள்விகளை, இருபத்து மூன்று மெயில்களை, டீ நேரத்தில் ரக்ஷாவுடையதை மட்டும் திறந்ததை, அதற்கு முன்னாலேயே படித்ததாக விட்ட புளுகை, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆறு கேள்வியும் ரத்து. மீதியில் இருவரும் சமம். இன்னும் ஒரே ஒரு கேள்வி வேண்டும். பதினான்கு வருட மேதையின் பையில் புதுசாக ஒன்றுகூட இல்லை.

அக்கா மைக்கை வாங்கினாள். “பழைய தாள்ல இல்லாததா நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டிக்கு வந்த மெயில்ல எங்க கிளிஃபர்ட் சார் இதுவரைக்கும் எத்தனை படிச்சிருக்கார்?”

எரிக் முந்திக்கொண்டான். “ஒண்ணுகூட இல்ல மேடம்!”

“தப்பு. ரக்ஷா?”

“ஒண்ணு மேடம். என்னோடது. இப்ப, டீ டைம்ல.”

விடையை அறிவிப்பது என் வேலை. ‘சரியான விடை’ என்று வழக்கமான குரலில் முழங்கப் பார்த்தேன். தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

கோப்பையை வாங்கிக்கொண்டவள் என் பக்கம் திரும்பினாள். “மீதி இருபத்திரண்டு எப்ப சார் படிப்பீங்க?”

மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து, அக்காவின் ஃபோனை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். முதல் மெயிலே என் கோட்டைப் பற்றித்தான்.