ஒரு நிமிடத்தில் எழுபத்தாறு

“மார்ச் 9, வெள்ளி. குதிரை ஓடக் கிளம்பும்போது தட்ட வேண்டிய நிறுத்துக் கடிகாரத்தை, அது திரும்பி வந்த பிறகு தட்டினேன். ஒத்திகைதான். ஆனாலும் தவறு தவறுதான்.”

டைரியில் இதை எழுதியவள் கால்நடை உதவியாளருக்கான மாலை வகுப்பில் படிக்கிறாள். வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். மறுநாள் எண்பது கிலோமீட்டர் குதிரைப் பந்தயத்தின் பரிசோதனைக் கூடாரத்தில், கையும் ஸ்டெதாஸ்கோப்புமாக நின்றாள்.

கடைசிச் சுற்றுக்கு முன் அவளுடைய அக்காவே தன் குதிரை சிட்டுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்தப் பந்தயத்தை முடித்தால்தான் அடுத்த மாதப் பெரிய பந்தயத்தில் அக்காவுக்கு இடம். மூன்று வருட உழைப்பு.

முதலில் எண்ணிய இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபது. துடிப்பு அறுபத்து நான்கைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

“என் செல்லம்!” அக்கா சிட்டுவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். “சீக்கிரம் அனுப்புங்க வாத்தியாரம்மா,” என்று தங்கையைச் சீண்டினாள்.

“இன்னும் ஓட்டம் இருக்கேக்கா.”

குதிரையை நாற்பது மீட்டர் ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். கிளம்பியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ண வேண்டும். தெம்பான குதிரைக்குத் துடிப்பு அதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். சிட்டு நொண்டாமல் அழகாகத்தான் ஓடியது. எண்ணிக்கை எழுபத்தாறு.

அதை அவள் சீட்டில் குறித்தாள்.

“நேத்து மாதிரி கடிகாரத்தை மாத்தித் தட்டியிருப்படி,” என்றாள் அக்கா.

அப்படியும் இருக்குமோ? ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலை நிமிர்ந்தது.

“லேட்டா தட்டியிருந்தா குதிரைக்கு ஓய்வு கூடத்தான் கிடைச்சிருக்கும். துடிப்பு இறங்கியிருக்கும், ஏறாது. நான் சரியாத்தான் எண்ணினேன்.”

“கூடப் பிறந்தவளா நீ? எந்த ஜென்மத்துப் பகைடி இது?”

“அதை வீட்ல பேசிக்கலாம். இப்ப குதிரையை அசையாம பிடி.”

சிட்டுவின் விலாவுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். தொட்டியில் தண்ணீர் விழுவதுபோல் கேட்க வேண்டிய குடல் சத்தம் இரண்டு பக்கமும் இல்லை. ஈறை அழுத்தி விட்டாள். இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டிய வெளுத்த இடம் சிவக்க நான்கு நொடி ஆனது. உரக்கக் கூப்பிட்டாள்: “டாக்டரம்மா, இங்க வாங்க!”

பந்தயத்தின் கால்நடை டாக்டரம்மா வந்து தானும் கேட்டார். “குடல் அசையவே இல்ல. இன்னொரு சுற்று போயிருந்தா பாதி வழியில விழுந்திருக்கும். ஓட்டம் இத்தோட போதும்.”

சிட்டுவுக்கு ஏற்றிய சலைன் பையை அக்கா உயரத் தூக்கிப் பிடித்தபடி, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது பை இறங்கும்போது சிட்டுவின் வயிறு கடமுடவென்று உருண்டது. அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள்.

“நான் திட்டினதை டைரியில எழுதிடாதடி.”

“எழுதுவேன். நேரத்தோட.”

அக்கா அழுகையும் சிரிப்புமாக முழங்கையால் அவளை இடித்தாள். “பெரிய பந்தயம் அடுத்த வருஷமும் வரும் போ.”

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் மறுநாள் வேலையைக் குறித்தாள்: “காலை ஆறு மணி, லாயம். சிட்டுவைப் பத்து நிமிடம் மெதுவாக நடத்த வேண்டும். சாணம் போட்டதும், குடல் சரியாகிவிட்டதென்று டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.”