நாலு நாளுக்கு ஒரு பாதி

பல் செட்காரரின் குரல் நாலு நாளுக்கு ஒருமுறை சரிபாதியாகக் குறைந்தது. அதற்கு முன்பெல்லாம் அவர் நிலவறையிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். முதல் நாலு நாளில் அது வாசலோடு நின்றது. எட்டாம் நாள் மாடிப்படியோடு. பன்னிரண்டாம் நாள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியே காதைக் குவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி ஆரம்பத்தில் சிரித்தாள். "என்னக்கா, உங்க வீட்டுக்காரர் வாய்க்கு ஒருவழியா பூட்டு கிடைச்சிடுச்சா? இனிமே நானும் நிம்மதியா நாலு தையல் போடுவேன்." பதினாறாம் நாள் அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் வீடு பாறையின்மேல் கட்டியது. குளிருக்குப் பயந்து ஜன்னல்களைப் பெரும்பாலும் சாத்தியே வைத்திருப்பார்கள். நிலவறைதான் பட்டறை. இருபத்திரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்து, சிகரெட்டை ஊதிக்கொண்டு, ஊருக்கெல்லாம் பல் கட்டினார். மனைவி பக்கத்தில் இருந்து மெழுகு உருக்கிக் கொடுப்பாள். அலமாரியில் மேலும் கீழுமாக நானூறு பிளாஸ்டர் வாய்கள் இருந்தன. "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. நான் மூடி அலமாரியில வச்சிருக்கேன் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவருமே எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

ஒருநாள் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கருவியை நிலவறையில் வைத்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, இருக்கவேண்டியதற்கு இருபது மடங்கு காட்டியது. பாறையிலிருந்து ரேடான் என்ற வாயு கசிகிறது, நிறமில்லை, மணமில்லை, பள்ளமான அறையில் தங்கும், நுரையீரலில் புற்றுநோய் வரவைக்கும் என்றார். தரைக்கடியில் குழாய் பதித்து விசிறி வைத்து வெளியேற்ற ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். அது எத்தனை நாள் இருக்கும் என்று மனைவி கேட்டாள். கருவிக்காரர் உண்மையைத்தான் சொன்னார்: "அதுக்கு அரை ஆயுள் நாலு நாள்மா."

"அட, அல்பாயுசா!" என்றார் பல் செட்காரர்.

மனைவி விரல் விட்டு எண்ணினாள். நாலு நாளில் பாதி சாகும். அடுத்த நாலு நாளில் மற்ற பாதி. அது வரைக்கும் வேறு அறைக்குத் தப்பிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கருவிக்காரர் தலை மறைந்ததும் நிலவறை ஜன்னலைச் சாத்தி, பட்டறையில் இருந்த மெழுகையெல்லாம் உருக்கி இடுக்குகளை அடைத்தாள். கதவுக்கடியில் துணியைத் திணித்தாள். பல் செட்காரர் உள்ளேதான் இருந்தார், அந்த வாரம் ஒருவருக்கு மேல் செட் தரவேண்டியிருந்தது. "சாகிறதுக்குத் துணை வேணாமா, பாவம்! நான் இருக்கேன்" என்று உள்ளிருந்து கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தா, மெழுகு எங்க வச்ச?" என்று கத்தினார். இரண்டும் தெருமுனைவரை கேட்டன.

அடைத்த ஒன்பதாம் நாள் வந்த கருவிக்காரர் கருவியில் எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"யாரும்மா இதை அடைச்சது?"

"நான்தான். நீங்கதானே நாலு நாள்னு சொன்னீங்க?"

"நாலு நாள்ல பாதிதான்மா. அப்புறம் அந்தப் பாதியில பாதி, அதுல பாதி. முழுசா முடியிறதே இல்லை. பாறை புதுசு புதுசா விட்டுக்கிட்டே வேற இருக்கும். திறந்துல்ல வைக்கணும்! அது செத்தாலும் சும்மா போகாதும்மா. அதுல இருந்து வேற ஒண்ணு பிறக்கும், சேய்னு சொல்லுவோம். நெஞ்சுக்குள்ள போய் ஒட்டிக்கிறது அதுதான்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி வெகுகாலமாகியிருந்தது.

மறுமாதம் பல் செட்காரருக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே படத்தில் கடைவாய்ப்பல் அளவுக்கு ஒரு வெள்ளை. இருபத்திரண்டு வருஷக் காற்றும் சிகரெட்டும் சேர்ந்து செய்த வேலை, எட்டு நாளெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்று டாக்டர் மூன்று முறை சொன்னார். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள். நம்பவில்லை. அன்றிலிருந்துதான் குரல் பாதியாக ஆரம்பித்தது.

நாற்பதாம் நாள் அது ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தது. நாற்பத்தோராம் நாள் அவர் இறந்தார். நாற்பத்துநாலாம் நாள் குரல் கணக்குத் தவறாமல் மறுபடி பாதியானது. அவள் நிலவறையில் ஒவ்வொரு பிளாஸ்டர் வாயாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். முந்நூற்றுச் சொச்சமாவது வாயில் இருந்தது: "இந்தா, மெழுகு எங்க வச்ச?"

குழாய் பதிக்க வந்தவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

"ஜன்னலையாவது திறங்கக்கா," என்றாள் தையல்காரி.

"திறந்தா அவர் போயிடுவாரு."

"போகட்டும்க்கா. அந்தக் காத்து உங்களையும் தின்னுடும்."

"முழுசா முடியாதாம். கருவிக்காரரே சொன்னாரு." அவள் புது மெழுகு வாங்கி வந்து, விட்டுப்போன இடுக்குகளையும் அடைத்தாள். தினமும் கீழே போய் உட்கார்ந்து அந்த வாயைக் காதில் வைத்துக்கொண்டாள். "ஜன்னல்ல வச்சேன்" என்று பதில் சொன்னாள். பதினோரு வருஷம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசலில் நின்று தையல்காரியைக் கூப்பிட்டபோது எதிர்வீட்டில் பாதிதான் கேட்டது. தையல்காரி மிஷினை உள்ளறையிலிருந்து தன் வாசலுக்கு நகர்த்திப் போட்டாள். நாலு நாள் கழித்து நடுத்தெருவுக்கு. அடுத்த நாலு நாளில் மிச்சமிருந்த தூரத்தில் பாதி, அப்புறம் அதில் பாதி. தெருவில் போகிறவர்கள் மிஷினைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள்.