பாத்ரூம் தராசும் கேரவன் மூக்கும்

"உன் வீட்டுத் தராசு தண்ணி போட்டிருக்கா, கிளெனிஸ்?"

எடைக்குறைப்பு வகுப்பு நடத்தும் மேவிஸ், ஹல் நகரத்துச் சர்ச் ஹாலில், பாதித் தெரு வரிசையில் நிற்கும்போது இப்படிக் கேட்டாள். வீட்டுத் தராசுக்கும் வகுப்புத் தராசுக்கும் பதினைந்து கிலோ வித்தியாசம்.

அதில் பத்து எங்கிருந்து வந்தது என்று கிளெனிஸுக்குத் தெரியும். தராசின் அடியிலிருக்கும் திருகை வாரம் ஒரு கிலோவாக அவளேதான் பின்னுக்குத் தள்ளி வந்தாள். ஞாயிறு காலையில் கணவன் நோரிஸ் பார்க்க ஏறி நின்று, "பாத்தியா?" என்று இறங்குவதில் அப்படி ஒரு சுகம். மீதி ஐந்துக்கு மேவிஸுடைய தராசின் கெட்ட புத்திதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டாள். டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் நோரிஸும் அதே தராசில் ஏறினான். மனைவி திருகத் திருக அவனும் இளைத்தான். டீயில் சர்க்கரையை விட்ட பலன் என்று பக்கத்து வீட்டு வில்ஃபிடம் பீற்றிக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, நோரிஸ் அந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்வரை.

குளிர்காலம் முழுக்க அவன் காருக்கும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடான கேரவனுக்கும் ஜாதகம் பார்த்திருந்தான். சாமான் ஏற்றிய கேரவன், காரின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காற்று அடிக்கிற பக்கமெல்லாம் கேரவன் காரை இழுத்துக்கொண்டு போகும். தேடிப் பிடித்த ஜோடிக்கு இன்று ஃபைலி கடற்கரைக்கு முதல் பயணம். பாக்கி இருந்தது ஒன்றுதான். கேரவனின் மூக்கு, அதாவது காரோடு மாட்டும் முன்கம்பி, காரின் பின்கொக்கிமேல் எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் அழுத்தக் கூடாது. அதைப் பார்க்க ஊரில் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். தராசின்மேல் மரக்கட்டையை நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்கினான்.

"அறுபது," என்றான் குனிந்து. "மூக்கு லேசா இருந்தா வண்டி பாம்பு மாதிரி ஆடும். அந்த பீன்ஸ் டின்னையெல்லாம் கேரவன் முன்பெட்டியில வை, கண்ணு."

கிளெனிஸ் ஒரு டின்னைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "இப்பவே போதாதா?"

"போதுமா போதாதான்னு தராசு சொல்லும். நீ எதுக்கு சொல்ற?"

டின்கள் ஏறின. முள் எழுபத்தைந்தைத் தொட்டதும் மூக்கைக் கொக்கியில் மாட்டினான். காரின் பின்புறம் படக்கென்று உட்கார்ந்தது. முன்புறம், பிஸ்கட்டுக்கு இரண்டு காலில் நிற்கும் நாய்போல எழும்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம் டீக்கோப்பையோடு நின்ற வில்ஃப் கேட்டான்: "ஃபைலிக்குப் போறியா, நிலாவுக்குப் போறியா?"

"பழைய ஸ்பிரிங். அப்படித்தான் இருக்கும்."

"ஹெட்லைட்டுல தேவதைங்க கண்ணு கூசுது, பாரு."

கிளெனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் ஃபைலி வழியிலுள்ள ஸ்டாக்ஸ்டன் இறக்கத்தில் ஒரு கேரவன் கவிழ்ந்து, யாருடைய உள்ளாடைகளோ வேலி முழுக்கத் தோரணமாகத் தொங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். முன் சக்கரம் தரையை லேசாகத் தொட்டால் ஸ்டியரிங் கையில் இருக்கும், கார் பேச்சைக் கேட்காது. இதே நோரிஸ் அன்று முழுக்க அதையேதான் பிரசங்கம் செய்தான். இன்று அந்த இறக்கத்தில் அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சாவதா, மானம் போவதா? வில்ஃப் எதிரே நின்றதால் அதை முடிவு செய்ய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நோரிஸ் காரில் ஏறிச் சாவியைத் திருகினான்.

"நிறுத்து!" என்றாள். "தராசு பொய் சொல்லுது. பத்து கிலோ. நான்தான் திருப்பி வச்சேன்."

நோரிஸ் இறங்கினான். "என்னது?"

"இளைச்ச மாதிரி இருக்கட்டும்னு."

"அப்ப நீ..."

"ஆமா. குண்டாத்தான் இருக்கேன். ரெண்டு பேரும் செத்ததுக்கப்புறம் சொல்லணுமா?"

வில்ஃபுக்கு டீ புரையேறியது. ஆனால் ஆள் உதவிக்காரன். பண்ணையிலிருந்து வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கு மூட்டையைச் சுவர் தாண்டிக் கொடுத்தான். "இருபத்தஞ்சு கிலோ, சாக்குலயே அடிச்சிருக்கு. வச்சுப் பாருங்க."

வைத்தார்கள். மூவரும் குனிந்தார்கள். பத்தைக் கழித்துப் பதினைந்து காட்ட வேண்டிய முள் பத்தில் நின்றது.

"கணக்கு இடிக்குதே," என்றான் வில்ஃப். "பத்து கிளெனிஸோடது. இன்னொரு அஞ்சு?"

கிளெனிஸ் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். மேவிஸுடைய தராசின்மேல் அத்தனை மாதமாக வைத்திருந்த கோபம் அப்படியே இடம் மாறியது. நோரிஸின் காதுகள் பீட்ரூட்டாகியிருந்தன. அவன் மூட்டையில் ஒட்டியிருந்த மண்ணை மிகுந்த அக்கறையோடு தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

கிளெனிஸ் கேரவனுக்குப் போனாள். முன்பெட்டியைத் திறந்து பீன்ஸ் டின்களை எடுத்து, கேரவனின் நடுவில், சக்கரத்துக்கு மேலாகத் தரையில் அடுக்கினாள். டின்களுக்குப் பின்னால், அவள் கட்டி வைக்காத பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம், முழுசாக ஆறு. அதையும் நடுவில் வைத்தாள். காரின் பின்புறம் மெல்ல எழுந்தது.

"ஏம்ப்பா நோரிஸ்," வில்ஃப் சுவர்மேல் முழங்கையை வசதியாக ஊன்றிக்கொண்டான், "அந்த சர்க்கரையை விட்ட கதையை இன்னொரு தடவ சொல்லேன்."

நோரிஸ் மூட்டையை இறக்கிவிட்டு, தராசை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.